டர்னர் வேலைக்கு வந்த மணி

வெயிலில் காய்ந்த இரும்பு கேட். கை வைத்தால் சுடும். அதற்குப் பின்னால் எங்கேயோ உள்ளே லேத் ஓடுகிற சத்தம்... எனக்குப் பழக்கமான சத்தம். அதனால்தான் வெளியே நிற்பது அவ்வளவு எரிச்சலாக இருந்தது.

எண்பதுகளின் தொடக்கம். மறைமலை நகர் பக்கம் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த நேரம். எனக்குச் சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்து ஊர். ஐ.டி.ஐ.யில் டர்னர், அதாவது லேத் மெஷினில் இரும்பு கடைகிற வேலை, படித்திருந்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்கிற ஒரு பெரிய கம்பெனிக்கு எழுதிப் போட்டேன். இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்!

துணைக்கு என் அண்ணி சரோஜா வந்தார். ஸ்ரீபெரும்புதூரில் பஸ் மாறி, ஒரகடம் வழியாகப் போய், ஜி.எஸ்.டி. ரோட்டில் மறுபடி ஒரு பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தோம்.

வாட்ச்மேன் கடிதத்தைப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"மணி யாரும்மா? எங்க அவரு?"

"நான்தாங்க மணி."

முழுப்பெயர் மணிமேகலை. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது சுருக்கி எழுதியது அப்படியே நின்றுவிட்டது. ஆண்பிள்ளை என்று நினைத்துத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆள் எடுக்கிற ஆபீசர் என்னைப் பார்த்ததும் நெளிந்தார்.

"சொல்லி அனுப்புறோம்மா."

அடுத்த முறை வரவழைத்து டைப்ரைட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். "நான் டர்னருக்கு அப்ளை பண்ணேன் சார்" என்றேன். "பரவால்லம்மா, அடிச்சிப் பாரு" என்றார்கள். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிக் குத்தினேன். ஃபெயில்!

அதற்கடுத்த முறை மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். கல்யாணம் எப்போது? புடவை மெஷினில் மாட்டிக்கொண்டால் யார் பொறுப்பு? இதே கேள்விகள்தான். லேத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மறுபடியும் "சொல்லி அனுப்புறோம்."

சொல்லி அனுப்பவே இல்லை.

அண்ணன் பொறுமை இழந்து காஞ்சிபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பேசிவிட்டார். "வர்ற திங்கக்கெழம போயி சேந்துக்க. ஃபேக்டரி பேச்ச இத்தோட வுடு."

நான் கொல்லைப்பக்கம் போய் அழுதேன். அண்ணி பின்னாலேயே வந்தார்.

"இன்னாத்துக்கு அழுவுற? நாளைக்குப் போறோம்."

"அவங்க கூப்டலியே அண்ணி..."

"கூப்ட்டப்ப போயி இன்னா கெடச்சுது?"

காலையில் ஒயர் கூடையில் அண்ணனுடைய பேன்ட்டையும் சட்டையையும் மடித்து வைத்தார். "பொடவதான அவங்களுக்கு கஷ்டம்? இத்த போட்டுக்க" என்றார்.

கேட்டில் விடவில்லை. எதிரே டீக்கடையில் காத்திருந்தோம். டீ நேரத்தில் அந்த ஆபீசரே வந்தார். கூடவே தொழிலாளிகள் ஒரு கூட்டம். அண்ணி நேரே அவர் முன்னால் போய் நின்றார்.

"சார், மூணு வாட்டி வரவெச்சீங்க. இந்தப் பொண்ணு இன்னா படிச்சிகீதோ அத்த செய்யச் சொல்லி ஒரு வாட்டியாவது பாத்தீங்களா? செஞ்சிப் பாத்து தெரியலன்னா சொல்லுங்க, வூட்டுக்கு இட்டுனு போறேன். பாக்காமயே எப்டி சார் தொரத்துவீங்க?"

"நாயந்தான சார்" என்றார் ஒரு தொழிலாளி.

ஆபீசர் டம்ளரைக் கீழே வைத்தார். "வாம்மா உள்ள."

அண்ணியை விடவில்லை. கூடையை என் கையில் திணித்து, "போ, போ" என்று தள்ளினார்.

முதலுதவி அறையில் உடை மாற்றினேன். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. சணல் கேட்டு வாங்கி இறுக்கிக் கட்டினேன். பின்னலைச் சுருட்டித் தலையில் துணி கட்டிக்கொண்டேன். ஃபோர்மேன் ஒரு டிராயிங்கையும் இரும்புத் தண்டையும் கொடுத்தார். கடைந்து, முனையில் மரை போட வேண்டும்.

மெஷினை ஓடவிட்டேன்... டூல் இரும்பைத் தொட்டது... சுருள் சுருளாகச் சீவல் விழுந்தது. சுற்றி நின்றவர்களையே மறந்துபோனேன்.

ஃபோர்மேன் அளந்தார். ஒரு நட்டை எடுத்து மரையில் சுற்றினார். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

"நல்லா கீது சார். எடுத்துக்கலாம்."

ஆபீசர் அப்போதும் விடவில்லை. "எல்லாம் சரி... லேடீஸுக்கு இங்க பாத்ரூமே இல்லியேம்மா."

எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ! "இவ்ளோ பெரிய ஃபேக்டரியவே கட்டிட்டீங்க, அத்த ஒண்ணு கட்ட முடியாதா சார்?"

ஃபோர்மேன் சிரித்துவிட்டார். ஒரு நிமிஷம் கழித்து ஆபீசரும்.

வெளியே ஓடிவந்து, எண்ணெய்க் கையோடு அண்ணியைக் கட்டிக்கொண்டேன். புடவையெல்லாம் கறை. அவர் கண்டுகொள்ளவே இல்லை. டீக்கடைக்காரரிடம் கத்தினார்: "சக்கர தூக்கலா ரெண்டு டீ போடுப்பா! எங்க பொண்ணு டர்னராயிட்டா!"

நான் வேலையில் சேர்ந்த அன்று பாத்ரூம் தயாராக இருந்தது. சிமென்ட் ஈரம்கூடக் காயவில்லை. ஓய்வு பெறும்வரை அந்தக் கம்பெனியில்தான் இருந்தேன்.

போன வாரம் நானும் அண்ணியும் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தோம். கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போயின. யூனிஃபார்ம் போட்ட பெண்கள், கழுத்தில் அடையாள அட்டை, பாதிப்பேர் ஜன்னலில் சாய்ந்து தூக்கம். ரோட்டில் ஒருவரும் அவர்களை அதிசயமாகப் பார்க்கவில்லை. எனக்கு அது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா...

அண்ணி கடைசி பஸ் போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

"படிச்சிருந்தா நானுந்தான் போயிருப்பேன், இல்ல மணி?"

அன்று கேட்டுக்கு வெளியே நின்ற அண்ணிக்கு என்னைவிட இரண்டே வயதுதான் கூட.