மஞ்சளாகக் கூடாத குழாய்

திங்கட்கிழமை காலை எழுந்ததும் நான் முதலில் செய்தது, இட்லி மாவை விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தது. உப்புப் போட்டது நன்றாக நினைவிருந்தது, இருந்தாலும் சோதித்தேன். அப்போதுதான் கைப்பேசி அழைத்தது. கோதண்டம் சாரின் மகன். "ஆன்ட்டி, அப்பா இல்ல ஆன்ட்டி. வாக்கிங் போய்ட்டு வந்து சேர்ல உக்காந்தாரு. அவ்ளோதான்." குகட்பள்ளியில் என் வீட்டிலிருந்து போலாரத்தில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை அந்த உப்பு நாக்கிலேயே இருந்தது.

சனத்நகர் தொழிற்பேட்டையில் உள்ள எங்கள் சிறிய ஆய்வகத்தில் பதினோரு ஆண்டுகள் நானும் கோதண்டம் சாரும் எதிரெதிர் மேசைக்காரர்கள். நான் நொதியைத் தயாரிப்பேன், அவர் சோதிப்பார். மனித மூளையில் ஒரு நரம்பிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி கொண்டுபோன பொருளை, வேலை முடிந்ததும் உடைத்துப்போடும் நொதி அது. அதற்கான மரபணுவைப் பூச்சியின் செல்களுக்குள் புகுத்திக் குடுவையில் வளர்த்து, அதிலிருந்து நொதியைப் பிரித்தெடுப்போம். புது மருந்து தேடும் ஆய்வாளர்கள் வாங்குவார்கள்.

பக்கத்துப் பட்டறையில் பிரஸ் மெஷின் இறங்கும்போதெல்லாம் எங்கள் தராசில் எண்கள் துள்ளும். ஆகவே அவர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில்தான் எடை போடுவோம். ஒரு நாள் பட்டறைக்காரர் யூசுப் பாய் எங்கள் வாசலில் வந்து தயங்கி நின்றார். நீங்கள் மூளைச் சரக்கு செய்கிறீர்களாமே, மறதிக்குக் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டார். கோதண்டம் சார் சிரிக்கவே இல்லை. "நக்கோ பாய், வேணாம். இது ஆராய்ச்சிக்கு மட்டும்தான். உள்ள போனா இருக்கற ஞாபகமும் போய்டும். ஆனா சாப்ட்டு வந்து பிரஸ் போட மறந்தீங்கன்னா எங்களுக்கு ரொம்ப நல்லது." அதன் பிறகு பாய் தினமும் பத்து நிமிடம் தாமதமாகத்தான் பிரஸ்ஸைப் போட்டார். மறதியா, மரியாதையா என்று நாங்கள் கேட்டதில்லை.

கோதண்டம் சாரோடு வேலை பார்த்தவர்களுக்கு 'மகான்' மறந்திருக்காது. ஒவ்வொரு சோதனையிலும் ஒரு குழாயில், கொதிக்கவைத்துச் செயலிழக்கச் செய்த நொதியை வைப்பார். வேலை செய்யும் நொதி உள்ள குழாய்கள் மஞ்சளாகும்; இது மட்டும் நிறம் மாறக் கூடாது. அதன் மூடியில் நீல மார்க்கரால் ஒரு பெரிய பொட்டு வைப்பார். "மகான் மௌனமா இருந்தாத்தான் மத்தவங்க பேச்சை நம்பலாம்" என்பார்.

ஒருமுறை அது பேசிவிட்டது.

"இன்னா மேடம், மகான் வாயத் தொறந்துட்டாரு!"

"லேசாத்தானே சார்? கண்ணை இடுக்கிப் பாத்தாத்தான் தெரியுது."

"கண்ண மூடிக்கினா அதுவும் தெரியாது மேடம்."

தரச் சான்றிதழில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். என் மூன்று வார உழைப்பு குப்பைக்குப் போனது. தேடிப் பார்த்ததில், கரைசலில் நான் தவறுதலாகச் சேர்த்த ஒரு பொருளே அந்த மஞ்சளுக்குக் காரணம் என்று தெரிந்தது. முதலாளியிடம் அவர் சொன்னது இரண்டே வார்த்தை: "எங்க தப்பு." எனக்கு அதிலும் கோபம். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மிர்ச்சி பஜ்ஜிப் பொட்டலத்தை என் மேசையில் வைத்தார். "பேசாம இருக்கறதுக்கு மகான் இருக்காரு. நீங்க பேசுங்க."

அவருடைய மனைவி சுகுணா நேற்று முன்தினம் என்னிடம் அந்த நீல மார்க்கரைக் கொடுத்தார். "சட்டைப் பையில இருந்துச்சு. எத்தினி சட்டை பாழாப்போச்சு தெரியுமா?" என்று அழுதுகொண்டே சிரித்தார்.

நேற்று சனிக்கிழமை. அவர் இடத்துக்கு ஆள் கிடைக்கும்வரை நீங்களே சோதித்து நீங்களே கையெழுத்துப் போடுங்கள் என்று முதலாளி சொல்லியிருந்தார். புனேயில் ஓர் ஆராய்ச்சி மாணவி இந்த நொதிப் பெட்டிக்காக இரண்டு மாதமாகக் காத்திருக்கிறாள். நானே பொட்டு வைத்தேன், நானே பார்த்தேன். மகான் குழாயில் மஞ்சள். லேசாகத்தான், கண்ணை இடுக்கினால்தான் தெரிகிற அளவு. எதிர் மேசை காலியாக இருந்தது. சான்றிதழில் கையெழுத்துப் போட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது மூடி சரியாகப் பொருந்தாத ஒரு மார்க்கர். அது என் கைப்பையின் துணியிலும் ஒரு பொட்டு வைத்துவிட்டது. அதைப் பார்த்து இன்று காலை நான் தனியாகச் சிரித்தேன்.

நாளை ஒன்பது மணிக்கு, பெட்டியைக் குளிரவைத்து அனுப்ப டிரை ஐஸ் வரும். அதற்கு முன்பே போய்ப் பெட்டியைத் திறந்து அந்தச் சான்றிதழைக் கிழிக்கப் போகிறேன். முதலாளிக்குத் தெரியாது, வீட்டிலும் சொல்லவில்லை. புனேக்கு நானே பேச வேண்டும். 'எங்க தப்பு' என்று சொல்ல இப்போது எதிர் மேசையில் ஆள் இல்லை. 'என் தப்பு' என்றுதான் சொல்ல வேண்டும்.