செக்கிங் ரூமில் ஏழு தொட்டில்கள்

திருப்பூர் மண்ணரைக்கு வந்த புதிதில் சிஸ்டர் பினிதா ஒரு நாளைக்கு மூன்று முறை குளித்தாள். பிறந்து வளர்ந்தது நேபாளத்து இலாம் மலையில், தேயிலைத் தோட்டத்துக் குளிரில். இருபத்தைந்து வயது உடம்புதான் என்றாலும் திருப்பூரின் மார்ச் மாத வெயில் அதற்குப் புதிது. சோறும் சாம்பாரும் இரண்டு வாரத்தில் பழகிவிட்டன. வெயில் பழகவில்லை, தமிழும் பழகவில்லை.

பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பனியன் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பங்கள் மண்ணரையில் நிறைய. அவர்களோடு பேச இந்தி தெரிந்த ஒருத்தி வேண்டும் என்று மடத்துத் தலைவி சிஸ்டர் லிசி மேலிடத்துக்கு எழுதினார். அதன்பேரில் வந்தவள்தான் பினிதா. அதிகாலை நாலரைக்கு எழுந்து மற்ற மூன்று சிஸ்டர்களோடு ஜெபம், பிறகு சமையல்கட்டு வேலை. எட்டரைக்கு சைக்கிளை எடுத்துக்கொண்டு, அந்தக் குடும்பங்கள் வாடகைக்கு இருக்கும் லைன் வீடுகளுக்குக் கிளம்பிவிடுவாள். காய்ச்சல் கண்டவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, ஆதாரில் பெயர் திருத்த அலைவது என்று பகல் முழுக்க வேலை இருந்தது. மாலையில் ஒரு மணி நேரம் தமிழ் எழுத்து.

"ரெண்டு மாசமா ஒருத்தர்கூட என்கிட்ட கடவுளைப் பற்றிக் கேட்கவில்லை, சிஸ்டர். இது என்ன ஊழியம்?" என்று ஒருநாள் லிசியிடம் இந்தியில் குறைப்பட்டுக்கொண்டாள்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த லிசி நிமிரவே இல்லை. "அவங்க என்ன கேட்கிறாங்க?"

பினிதாவுக்குப் பதில் தெரிந்திருந்தது: பிள்ளைகளுக்குப் படிப்பு. அந்த லைன் வீடுகளில் பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் பத்தொன்பது பேர். அவர்களுக்காக வேப்பமரத்தடியில் ஒரு வகுப்பு ஆரம்பித்திருந்தாள். பையன்கள் வந்தார்கள். பெண்பிள்ளைகள் இரண்டு நாள் வந்துவிட்டு நின்றுபோனார்கள். பீகாரிலிருந்து வந்த ரிங்கி என்ற பதினொரு வயதுக்காரி மட்டும் தூரத்தில் தன் வீட்டு வாசலில் நின்று, கரும்பலகையில் எழுதுவதையெல்லாம் காற்றில் விரலால் எழுதிப் பார்ப்பாள். ஆனால் பக்கத்தில் வரமாட்டாள்.

ஒருநாள் பினிதா அவள் வீட்டுக்கே போனாள். ஒற்றை அறை. உள்ளே ரிங்கியின் இடுப்பில் எட்டு மாதத் தம்பி. ஒரு கை அவனை அணைத்திருக்க, மறு கையில் பால்புட்டி.

"அம்மா எட்டரை மணி ஷிப்டுக்குப் போயிடுவாங்க. இவனைத் தரையில விட்டா அழுவான். மரத்தடிக்கு எப்படிக் கூட்டிட்டு வர?" என்றாள் ரிங்கி இந்தியில்.

பினிதா அன்றே ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்த்தாள். வகுப்புக்கு வராத ஏழு பெண்பிள்ளைகள் வீட்டிலும் ஏழு கைக்குழந்தைகள். பள்ளிக்கும் அந்தப் பெண்களுக்கும் நடுவே நின்றது மொழியல்ல என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. குழந்தைகளை வைத்துக்கொள்ள ஓர் இடம் கிடைத்தால் போதும்.

லைன் வீடுகளுக்குச் சொந்தக்காரர் கிட்டுசாமி. பக்கத்திலேயே அவருடைய பனியன் கம்பெனி. ரிங்கியின் அம்மா உட்பட அந்தத் தாய்மார்களில் பாதிப் பேர் அங்கேதான் டெய்லர், அல்லது டெய்லருக்குத் துணி மடித்துக்கொடுக்கும் கைமடி. தைத்த பனியன்களைச் சரிபார்க்கும் செக்கிங் வேலையைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டதால் பழைய செக்கிங் ரூம் பூட்டிக் கிடந்தது. பினிதா பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போனாள்.

"ஏனுங்க, இந்தப் பொண்ணுங்க எல்லாம் பல்லிக்குப் போகோணுமுங்க" என்று தைரியமாக ஆரம்பித்தாள்.

கிட்டுசாமி திடுக்கிட்டுச் சுவரை அண்ணாந்து பார்த்தார். "பல்லிக்கா?"

உள்ளேயிருந்து அவர் மனைவி ஜெயபாரதியின் சிரிப்பு வெடித்தது. "பள்ளிங்க, பள்ளி! பள்ளிக்கூடத்தச் சொல்றாங்க!"

பினிதாவின் காது சிவந்தது. ஆனாலும் விடாமல் தாளில் இருந்ததை எல்லாம் சொல்லி முடித்தாள். கிட்டுசாமி மரியாதையாகக் கேட்டுவிட்டு, மரியாதையாகவே முடியாது என்று தலையை ஆட்டினார்.

"தப்பா நெனைக்காதீங்க சிஸ்டர். நாங்க முருகனக் கும்பிடறவங்க. ரூமக் குடுத்தா, மதம் மாத்தறதுக்கு எடம் குடுத்துட்டேன்னு நாளைக்கு ஊருக்குள்ள நாலு பேரு கேப்பாங்க. நான் என்னங்க சொல்றது?"

பினிதாவுக்குக் கோபம் வந்தது. அதற்கு வார்த்தை தேடி, கிடைக்காமல், கடைசியில் மெதுவாகப் பேசினாள்.

"அந்த ரூம்ல நான் ஜெபம் பண்ணமாட்டேனுங்க. படம் மாட்டமாட்டேனுங்க. எங்க ஜெபம் காலைல எங்க ஊட்லயே முடிஞ்சுதுங்க. ஒரு மாசம் குடுங்க. அக்கா தினமும் வந்து உக்காந்து பாக்கட்டும். தப்பு இருந்தா அன்னைக்கே பூட்டுங்க."

'எங்க ஊட்ல' என்று அவள் கொங்குத் தமிழில் சொன்னதைக் கேட்டு ஜெயபாரதிக்கு மறுபடியும் சிரிப்பு. "குடுங்க. நான் பாத்துக்கறனுங்க" என்றார்.

ஜெயபாரதி காவலுக்குத்தான் வந்தார். முதல் நாள் நாற்காலி போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கம்பெனியில் கழித்துப் போட்ட துணியில் பினிதா தொட்டில் கட்டுவதைப் பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. "அப்படிக் கட்டுனா அவுந்துரும் கண்ணு" என்று எழுந்து வந்து ஏழையும் அவிழ்த்துக் கட்டினார். ஏழு குழந்தைகளும் சேர்ந்து அழுத பகல்களும் இருந்தன. நேபாளித் தாலாட்டு, பீகார் தாலாட்டு, கொங்குத் தாலாட்டு எதற்கும் மசியாத ஒரு பயலை ஜெயபாரதி கம்பெனி முழுக்கத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

இடுப்பு காலியான ஏழு பெண்களும் மரத்தடிக்கு ஓடினார்கள். தொட்டில்களை ஜெயபாரதியிடம் விட்டுவிட்டு, முந்தின மாலை தான் கற்ற தமிழ் எழுத்துகளைப் பினிதா அங்கே கற்றுக்கொடுத்தாள். ரிங்கி பதினைந்தே நாளில் உயிரெழுத்தையும் மெய்யெழுத்தையும் முடித்தாள்.

முப்பதாம் நாள் கிட்டுசாமி செக்கிங் ரூமுக்கு வந்தார். சாவியைக் கேட்கத்தான் வருகிறார் என்று பினிதா நினைத்தாள். அவர் ஒவ்வொரு தொட்டிலாக எட்டிப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"சிஸ்டர், போன மாசமெல்லாம் தினமும் ரெண்டு பேரு லீவுங்க. கொழந்தைக்குச் சளி, கொழந்தைக்குக் காச்சல்னு. இந்த மாசம் ஒருத்தருகூட லீவு போடலீங்க. சரக்கு வாங்கற பையர் நேத்து வந்து, ஷிப்மெண்ட் எப்படிச் சொன்ன தேதிக்கு முந்தியே ரெடியாச்சுன்னு கேக்கறாரு. நீங்க ரூமை வெச்சுக்கங்க."

பள்ளி திறந்த வாரம், ஒரு திங்கட்கிழமை காலை. தலைக்கு எண்ணெய் வைத்து, கிட்டுசாமி கம்பெனியில் தைத்த ஒரே நிறச் சட்டை போட்ட பத்தொன்பது பிள்ளைகள் வரிசையாக மண்ணரைத் தெருவில் நடந்தார்கள். முன்னால் பினிதா. இயந்திரங்களை நிறுத்திவிட்டுத் தாய்மார்கள் கம்பெனி வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். சூப்பர்வைசரும் அவர்களை விரட்டவில்லை.

பள்ளித் தலைமையாசிரியை சித்ராதேவி வாசலுக்கே வந்துவிட்டார். "இத்தனை பேரா! சேத்துக்கறதுல எனக்குச் சந்தோஷம்தாங்க. ஆனா தமிழ் சுத்தமாத் தெரியலீன்னா வகுப்புல தவிச்சுப் போயிருவாங்களே?"

பினிதா பேச வாயெடுப்பதற்குள் ரிங்கி முன்னால் வந்தாள். சுவரில் எழுதியிருந்ததை விரலால் தொட்டுத் தொட்டு, எழுத்துக்கூட்டி, சத்தமாகப் படித்தாள்.

"ஊ... ராட்சி... ஒன்றிய... நடு... நிலைப்... பள்ளி!"

கடைசி எழுத்தை நாக்கை நன்றாக மடித்து, அழுத்தமாக உச்சரித்தாள். சித்ராதேவி கைதட்டினார். வரிசையில் நின்ற பதினெட்டுப் பேரும் கைதட்டினார்கள். பினிதாவுக்குக் கண் நிறைந்தது. துடைக்கத் தோன்றவில்லை. ஒவ்வொருவராகப் பெயர் சொல்ல, சேர்க்கைப் பதிவேட்டில் பக்கம் போதாமல் சித்ராதேவி அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

அன்று மதியம் பினிதா செக்கிங் ரூமுக்குத் திரும்பியபோது வாசலில் புதிதாக மூன்று பெண்கள், கையில் குழந்தைகளோடு. அடுத்த தெரு லைன் வீட்டுக்காரர்கள். உள்ளே ஒரு தொட்டிலுக்கும் இடமில்லை. அவள் சைக்கிளைச் சாத்திவிட்டு நேராகக் கிட்டுசாமியின் ஆபீசுக்குள் நுழைந்தாள். இந்தமுறை கையில் தாள் இல்லை.

"ஏனுங்க, பக்கத்து ரூமும் காலியாத்தானுங்க கெடக்குது?"

கிட்டுசாமி மனைவியைப் பார்த்தார். ஜெயபாரதி அதற்குள் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டியிருந்தார்.