அக்காகிட்ட சொல்ல வேண்டாம்

காலை ஒன்பதரைக்கு எங்கள் மீட்டிங் தொடங்கும். தஞ்சாவூர் ஆபீசில் நீள மேசையைச் சுற்றிப் பாதிப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் மீதிப் பேர் எதிர்ச்சுவரில் மாட்டிய டிவியில் கட்டம் கட்டமாகத் தெரிவோம். மேல்வரிசையில் ஓரக் கட்டம் நான், சீர்காழி. எனக்குக் கீழே திருவிடைமருதூர்த் தம்பி. மைக்கை அணைக்க மறப்பதே அவருக்கு வேலை. அவர் வீட்டில் குக்கர் விசில் அடித்தால் தஞ்சாவூரிலிருந்து யாராவது, "தம்பி, மொதல்ல அடுப்ப அணைச்சிட்டு வாங்க" என்பார்கள்.

வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் இன்சூரன்ஸ் பில்களைச் சரிபார்த்து அனுப்புவது எங்கள் தொழில். எங்கோ அமெரிக்காவில் ஒருவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தால் பில்லில் அதற்குரிய எண் சரியாகப் போட்டிருக்கிறதா என்று சீர்காழியில் உட்கார்ந்து நான் பார்ப்பேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், எனக்கு அதுதான் சோறு போட்டது.

சோறு மட்டுமா? கல்யாணம் நிலைக்காமல் தாய்வீட்டுக்குத் திரும்பியவள் நான். அந்தக் கதை இங்கே வேண்டாம். தொடங்கினால் எனக்கே கோபம் வந்துவிடும். வந்த புதிதில் எங்கள் தெரு என் முதுகுக்குப் பின்னால் ‘வாழாவெட்டி’ என்றது. வேலை கிடைத்த பிறகு அதே தெரு, பையனுக்கு எந்தப் படிப்பு நல்லது, பாஸ்போர்ட்டுக்கு எங்கே போவது என்று கேட்டுக்கொண்டு என் வாசலுக்கு வந்தது. அந்த வேலை போனால் நான் மறுபடியும் பழைய பேருக்குத்தான் திரும்ப வேண்டும். இது எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். ஆபீசில் எங்கள் டீம் லீடுக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

லீட் என்னைவிட வயதில் சின்னவள். பூதலூர்ப் பக்கம் ஒரு கிராமம். அப்பா அம்மா இரண்டு பேரும் பிறர் வயலில் கூலிக்கு இறங்கியவர்கள்; அந்த வீட்டில் முதலில் காலேஜ் போனவள் அவள். நல்ல பெண். இவ்வளவு நடந்த பிறகும் சொல்கிறேன், நல்ல பெண்.

ஊரடங்கில் எல்லாரும் வீட்டுக்குப் போனோம். பிறகு தஞ்சாவூரைச் சுற்றி இருந்தவர்கள் ஆபீசுக்குத் திரும்பினார்கள். எனக்கும் திரும்புகிற எண்ணம்தான் இருந்தது. அந்தச் சமயம் பார்த்து அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். "நீங்க அங்கேயே இருங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்றாள் லீட். பார்த்துக்கொள்ளவும் செய்தாள்.

தூரத்தில் இருப்பவர்கள் தனியாக உணரக்கூடாது என்று அவள் ஒரு ஏற்பாடு செய்தாள். வெள்ளிக்கிழமை மதியம் எல்லாரும் மீட்டிங்கைத் திறந்து வைத்துவிட்டுச் சேர்ந்து சாப்பிடுவோம். வேலைப் பேச்சு கிடையாது. என் தட்டில் கறிக்குழம்பைப் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கிழமையும் அதுவுமா எங்க வயித்தெரிச்சல ஏங்க்கா கொட்டிக்கிறீங்க?" என்பாள். "ஒங்க வெள்ளிக்கிழம வேற, எங்க வெள்ளிக்கிழம வேற. தயிர் சாதத்தத் தின்னு" என்பேன். பக்கத்து அறைக் கட்டிலில் படுத்திருக்கும் அம்மா எங்கள் சத்தத்தைக் கேட்டுச் சிரிப்பார். அவர்கள் முகத்தைப் பார்த்ததில்லை. குரலை வைத்தே யார் யார் என்று சொல்லிவிடுவார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பாதி ஆபீசிலும் பாதி வீட்டிலும் இருந்தால் மீட்டிங் இரண்டாகிவிடுகிறது. ஒன்பதரைக்கு நடப்பது ஒன்று. அது முடிந்து, டிவியை அணைத்துவிட்டு, எல்லாரும் டீக்கடைக்கு இறங்கிப் போகும்போது நடப்பது இன்னொன்று. முடிவெல்லாம் டீக்கடையில்தான். நாங்கள் அதற்குள் கட்டத்திலிருந்து இறங்கிப் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்போம்.

ஒரு கட்டத்தில் மீட்டிங்கில் எல்லாரும் என்னிடம் அளவுக்கு மீறி அன்பாகப் பேசத் தொடங்கினார்கள். முன்பெல்லாம் ஒரு பில்லில் தப்பு விட்டால், "அக்கா, தூங்கிட்டீங்களா?" என்று ஓட்டுவார்கள். அது நின்றது. எனக்கு வரும் பில்கள் குறைந்தன. ஆனால் வாரக் கணக்கில் நான் முழு வேலையும் முடித்ததாகவே காட்டியது. என் பங்கை மற்றவர்கள் எடுத்துச் செய்கிறார்கள் என்று புரிந்தது. லீடைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"நடவுல ஒருத்தி பின்தங்குனா ரெண்டு பக்கமும் நிக்கிறவங்க அவ எடத்தையும் சேத்து நட்டுட்டுப் போயிருவாங்கக்கா. எங்கம்மா அப்படித்தான். அதப் போயி ஒரு பேச்சாப் பேசுறீங்க" என்றாள்.

"நான் எங்க பின்தங்குனேன்? என்னம்மா மறைக்கிற?"

"ஒண்ணுமில்லக்கா. எல்லாம் நல்லாருக்கு. நீங்க அம்மாவப் பாருங்க."

இந்த ‘எல்லாம் நல்லாருக்கு’ நான் கேட்டு வளர்ந்த பேச்சு. அத்தா, எங்கள் அப்பா, சவூதியில் இருந்தபோது, ஊரில் எஸ்.டி.டி. பூத் வந்த காலத்தில், வாரம் ஒரு நாள் அங்கே அவர் போனுக்காகக் காத்திருப்போம். போகும் வழியெல்லாம் அம்மா எங்களுக்குப் பாடம் நடத்துவார். "அத்தா கேட்டா நல்லாருக்கோம்னு சொல்லணும். வேற ஒரு வார்த்த வரக்கூடாது." என் தம்பி மரத்திலிருந்து விழுந்து கைக்கு மாவுக்கட்டுப் போட்டிருந்தபோதும் ரிசீவரை மறு கையால் பிடித்துக்கொண்டு, "நல்லாருக்கேன்த்தா" என்றான். வெளிநாட்டில் ஆள் இருக்கும் எங்கள் பக்கத்து வீடுகளில் இதுதான் சட்டம். தூரத்தில் தனியாக இருக்கும் மனுஷனிடம் கெட்ட சேதி சொல்லி அவன் நிம்மதியைக் கெடுக்கக்கூடாது. அவனால் அங்கிருந்து என்ன செய்ய முடியும் என்பார்கள். ஊரெல்லாம் தெரிந்த பிறகு, லீவில் ஊருக்கு வரும்போதுதான் அவனுக்குத் தெரியும். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த நான் லீடின் குரலை அடையாளம் கண்டிருக்க வேண்டும். கண்டுகொள்ளவில்லை. அந்தச் சட்டத்தில் நான் எப்போதும் மறைக்கிற பக்கத்தில் நின்றவள்; மறைக்கப்படுகிற பக்கத்தில் நின்று பழக்கமில்லை.

அதே நாட்களில்தான் தஞ்சாவூர் கீழவாசலில் இருக்கும் என் பெரியம்மா மகள் போன் செய்தாள். அவர்கள் வீட்டு மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள். "நீயும் சின்னம்மாவும் வந்துருங்களேன். ஒனக்கும் ஆபீசு பக்கம். வேற ஆளுக்கு விட எனக்கு மனசு இல்ல" என்றாள். அம்மாவைக் கேட்டேன். அம்மாவுக்கு ஆசைதான். ஏனென்றால் அம்மா அப்போது நடக்கத் தொடங்கியிருந்தார். முதலில் வாக்கரைப் பிடித்து, பிறகு கம்பு ஊன்றி, வாசல் வரைக்கும் வந்துவிடுவார்.

அதை நான் ஆபீசில் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவின் உத்தரவு. "நடக்கிறேன்னு யாருகிட்டயும் வாயத் தொறக்காத. கண்ணூறு பட்டுரும். நல்லா நடந்த பொறவு நானே வந்து காட்டிக்கிறேன்." சரி என்றேன். "அம்மா எப்படி இருக்காங்க?" என்று லீட் கேட்கும்போதெல்லாம், "அப்படியேதான் இருக்காங்க" என்று சொல்லிவைத்தேன்.

மாடி வீட்டை வேண்டாம் என்றேன். ஆபீசில் எல்லாம் நன்றாகப் போகிறது, வீட்டிலிருந்தே வேலை, எதற்கு இருக்கிற வீட்டைப் பூட்டிவிட்டு அலைய வேண்டும்? பெரியம்மா மகள் ஒரு வாரம் காத்திருந்துவிட்டு வேறொரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டாள். இதை நினைக்கும்போதெல்லாம் என் தலையில் நானே அடித்துக்கொள்ளலாம் போல் இருக்கும்.

பிறகு சென்னைத் தலைமை ஆபீசிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். மரியாதையான குரல். வீட்டிலிருந்து வேலை பார்ப்பதைப் படிப்படியாக நிறுத்துகிறார்கள். வாரத்தில் மூன்று நாளாவது ஆபீசுக்கு வர முடியாதவர்களை இந்த மாதத்தோடு விடுவிக்கிறார்கள். அதில் நானும் ஒருத்தி.

"என்னால வர முடியாதுன்னு யார் சொன்னது?" என்றேன்.

"ஒவ்வொரு லீடும் அவங்கவங்க ஆளுங்ககிட்டப் பேசிச் சொல்லணும்னு ரெண்டு மாசம் முன்னாடியே சொல்லியாச்சு மேடம். உங்களால வரவே முடியாதுன்னுதான் தகவல் வந்துச்சு."

"நான் வர்றேன். நாளைக்கே வர்றேன்."

"உங்க எடத்துக்கு இங்க ஆள் எடுத்தாச்சு மேடம். சாரி."

ரெண்டு மாசம். அத்தனை பேருக்கும் தெரியும். ஒன்பதரைக்கு என் முகத்தைப் பார்த்துச் சிரித்த அத்தனை பேருக்கும். எனக்கு வந்த கோபத்தில் லீட் மட்டும் எதிரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ. கூடவே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே குழி பறித்துவிட்டாளே என்று அழுதேன். அவள் போன் செய்தபோது எடுக்கவில்லை. நேரில் வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஆபீஸ் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்க எப்படியும் போக வேண்டுமே.

அம்மாவிடம் வேலை போனதைச் சொல்லவில்லை. லேப்டாப்பை மாற்றித் தருகிறார்கள், போய் வாங்கி வருகிறேன் என்றேன். "நானும் வர்றேன். அந்தப் புள்ளைங்க மொகத்தப் பாக்கணும். இப்பத்தான் நல்லா நடக்கிறேனே" என்று கிளம்பிவிட்டார். வேண்டாம் என்று சொல்ல என்னிடம் காரணம் இல்லை. வெள்ளைத் துப்பட்டியைப் போட்டுக்கொண்டு, கம்பை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கும்பகோணம் தாண்டும் வரை, எங்கே நடவு முடிந்திருக்கிறது, எங்கே இன்னும் தண்ணீர் வரவில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் லீடிடம் கேட்க வேண்டிய கேள்விகளை மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டு வந்தேன்.

நாங்கள் போனபோது காலை மீட்டிங் முடிகிற நேரம். டிவி ஓடிக்கொண்டிருந்தது. நான் கதவைத் தள்ளிப் பிடிக்க, அம்மா கம்பை ஊன்றி உள்ளே நடந்து வந்தார். மேசையைச் சுற்றி இருந்த எல்லாரும் எழுந்தார்கள். லீட் என்னைப் பார்க்கவே இல்லை. அம்மாவின் கால்களையே பார்த்தாள்.

"அம்மா எப்பலேருந்துக்கா நடக்கறாங்க?"

"ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு" என்றேன். "நீ என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். மாடி வீடு காலியா இருந்துச்சு. இங்க, கீழவாசல்ல. குடி வந்திருப்போம். என்னால வர முடியாதுன்னு நீ எப்படிச் சொல்லுவ?"

அவள் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "வீட்டுலேருந்தே வேல பாக்க விடுங்கன்னு கேக்கத்தான்க்கா சொன்னேன். அம்மா படுத்த படுக்கையா இருக்காங்க, அக்கா நகரவே முடியாது, அவங்களுக்கு மட்டுமாவது விடுங்கன்னு ஒவ்வொரு வாரமும் சென்னையோட சண்ட போட்டேன். உங்க கணக்குல ஒரு கொறையும் தெரியக்கூடாதுன்னுதான் உங்க பங்கையும் நாங்க சேத்துச் செஞ்சோம். நான் சொன்னதையே காரணமாப் போட்டு அனுப்பிட்டாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நான்தான் எல்லார்கிட்டயும் சொன்னேன், அக்காகிட்ட சொல்ல வேண்டாம்னு. நீங்க அங்க தனியா இருக்கீங்க. சொன்னா சோறு தண்ணி எறங்காம உக்காந்துருப்பீங்க. முடிச்சிட்டு நல்ல சேதியாச் சொல்லலாம்னு இருந்தேன்க்கா."

இவளை என்னவென்று திட்டுவது? எங்கள் வீட்டில் அத்தாவுக்கு நாங்கள் செய்ததைத்தான் இவளும் செய்திருக்கிறாள். குழி பறித்திருந்தாலாவது நான் பட்ட கோபத்துக்கு ஒரு இடம் இருந்திருக்கும். இன்றைக்கும் எனக்கு அந்தக் கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை. ஒரு வார்த்தை, யாராவது ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், என் வேலை என்னிடம் இருந்திருக்கும்.

அம்மா இதற்குள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவரை நான் மறந்தே போயிருந்தேன். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். லேப்டாப் பையைப் பார்த்தார். எனக்கு வேலை போனது அப்போதுதான் அவருக்குத் தெரியும்.

"ஏம்மா," என்றார், "என்னாலயா ஒன் வேல போச்சு?"

லீடும் நானும், மேசையைச் சுற்றி நின்றவர்களும், டிவியில் மைக்கை அணைக்க மறந்திருந்த திருவிடைமருதூர்த் தம்பியும், எல்லாரும் ஒரே நேரத்தில், "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றோம்.