முப்பத்தைந்தைத் தாண்டிய மாப்பிள்ளைகள்

அமெரிக்காவில் நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் நடந்த உள்நாட்டுப் போரைப் பற்றி நான் படித்தது யாங்கூன் போட்டாதாங்கில், ஸ்ட்ராண்ட் ரோட்டுக்குப் பின்னால் ஒரு மூன்றாம் மாடி அறையில். அமெரிக்கப் பள்ளி இறுதிப் படிப்புக்கு ஈடான ஒரு தேர்வுக்கு அங்கே பயிற்சி கொடுத்தார்கள். அதில் தேறினால் தாய்லாந்திலோ மலேசியாவிலோ கல்லூரியில் இடம் கிடைக்கும். பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு இங்குள்ள பல்கலைக்கழகத்துக்குப் போகப் பிடிக்காத பிள்ளைகள் இப்படிப்பட்ட அறைகளில்தான் உட்கார்ந்திருந்தோம்.

பாடம் நடத்தியவர் ஒரு பர்மியப் பெண்மணி. இங்கே டீச்சரை 'சயாமா' என்பார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அரசுக் கல்லூரியில் சரித்திரம் நடத்தியவர், ராணுவத்துக்குக் கீழே வேலை பார்க்க மாட்டேன் என்று விட்டுவிட்டு வந்தவர். பாடம் ஆங்கிலத்தில் இருக்கும், அவர் பர்மியத்தில் விளக்குவார், நான் தமிழில் யோசிப்பேன்.

நான் சேர்ந்தபோது வகுப்பில் பையன்களும் இருந்தார்கள். எதிர்ப்பாளர்களோடு சண்டை முற்றி, பதினெட்டிலிருந்து முப்பத்தைந்து வயது வரைக்கும் உள்ள ஆண்கள் படையில் சேர வேண்டும் என்று ராணுவம் அறிவித்த பிறகு ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். யாரும் சொல்லிக்கொண்டு போகவில்லை. என் அண்ணனும் அப்படித்தான் போனான். அலோன் துறைமுகத்தில் ஒரு கிடங்கில் வேலை அவனுக்கு. ஒரு வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகிறவன் மாதிரியே சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினான். எல்லை தாண்டித் தாய்லாந்துக்குள் போன பிறகுதான் போன் வந்தது.

"டப்பாவ என்னடா பண்ணின?" என்று கேட்டாள் அம்மா.

நகராட்சி வேலையிலிருந்து அப்பா ஓய்வுபெற்று அப்போது கொஞ்ச காலம் ஆகியிருந்தது. அண்ணன் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அடுத்த வாரமே கிடங்கு மேஸ்திரி வந்தார். "படிச்ச பொண்ணுதானே, அண்ணன் எடத்துக்கு அனுப்புங்க" என்றார். காலையில் கிடங்கு, மத்தியானத்துக்கு மேல் வகுப்பு என்று ஆனது. அங்கே போன பிறகுதான் ஊர் எப்படி மாறியிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அரிசி மூட்டையைப் பெண்கள் தூக்கினார்கள். சரக்கு வண்டியைப் பெண்கள் ஓட்டினார்கள். டீக்கடையில் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிய பையன்கள் போய், தாவணி வயதுப் பெண்கள் ஓடினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சயாமா அமெரிக்கப் போரில் பெண்களின் நிலை என்ற பாடத்தை எடுத்தார். ஆண்கள் போர்முனைக்குப் போனார்கள். பெண்கள் வயலைப் பார்த்தார்கள், ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போட்டார்கள், அலுவலகங்களில் உட்கார்ந்து எழுதினார்கள். புருஷனைப் பறிகொடுத்தவர்கள் கறுப்பு உடுத்தினார்கள். போர் பெண்களுக்குப் புதிய வாய்ப்புகளைத் திறந்தது என்று பாடம் முடிந்தது.

"சயாமா, நான் எங்க அண்ணன் வேலையப் பார்க்கிறேன். இதுவும் வாய்ப்புதானா?" என்று கேட்டேன்.

அவர் புத்தகத்தை மூடினார். "தேர்வுல கேட்டா, வாய்ப்புங்கிற விடையத்தான் நீ குறிக்கணும். அதுக்குத்தான் மார்க்" என்றார்.

மழைக்காலம் முடியும் நேரத்தில், அடுத்து பெண்களையும் கூப்பிடப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. சட்டத்தில் அதற்கும் இடம் இருந்தது. கல்யாணமான பெண்களுக்கு மட்டும் விலக்கு. ஒரு நாள் வார்டு ஆபீஸிலிருந்து ஓர் ஆள் எங்கள் வாசலில் வந்து நின்றான். வீட்டில் கல்யாணமாகாத பெண் யாராவது உண்டா என்று பர்மியத்தில் கேட்டான். நான் உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஒரு பொண்ணு இருக்கா. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிடுச்சு" என்று அப்பா சட்டென்று சொல்லிவிட்டார்.

"எப்போ கல்யாணம்?"

"இந்த மாசமே."

அவன் போனதும் அம்மா கத்தினாள். "யாரோட நிச்சயம் பண்ணினீங்க? என்கிட்டயாவது சொன்னீங்களா?" அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "என்னை என்ன பண்ணச் சொல்ற? மகனத்தான் கண்ணால பார்க்க முடியல. இவளையும் தூக்கிட்டுப் போகட்டுமா?" என்றார்.

நான் கேட்டேன்: "அண்ணன் மாதிரி நானும் போயிடறேனே அப்பா."

"அவன் ஆம்பள. காட்டு வழியில அவன் ராத்திரி எங்கேயும் படுத்துக்குவான்" என்றார் அப்பா. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை.

சொன்ன பொய்யை மெய்யாக்க மாப்பிள்ளை தேடினார்கள். வயது ஒத்த பையன்கள் பலர் ஓடிப்போயிருந்தார்கள். இருந்தவர்களும் எந்த நேரமும் படைக்கு அழைக்கப்படலாம். ஆகவே முப்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்குத்தான் மவுசு. ஒரு காலத்தில் பெண் கிடைக்காமல் திரிந்தவர்கள், பெண்டாட்டி செத்தவர்கள், வழுக்கை விழுந்தவர்கள் என்று எல்லார் வீட்டு வாசலிலும் பெண்ணைப் பெற்றவர்கள் போய் நின்றார்கள். எனக்கு அமைந்தவருக்கு நாற்பது வயது. மிங்கலாடோனில் மின்சாமான் கடை வைத்திருந்தார். முன்பெல்லாம் எத்தனையோ வீட்டில் அவரை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். இப்போது அவர் அம்மா சோபாவில் சாய்ந்துகொண்டு, "நாலு எடத்துலருந்து கேட்டுட்டாங்க. எங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்ல" என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டார். நகராட்சியில் அதிகாரி முன்னால்கூட அப்படி நிற்காத மனிதர் அவர்.

கல்யாணத்தன்று காலையில் கோயிலில் எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் வேறு ஜோடிகள் காத்திருந்தன. பெண்களெல்லாம் என் வயதுதான். மாப்பிள்ளைகள் தலைக்கு மை பூசியிருந்தார்கள். ஒருவருக்கு வியர்வையோடு சேர்ந்து காதோரம் கறுப்பாக வழிந்தது. ஐயர் அடுத்த ஜோடி, அடுத்த ஜோடி என்று அவசரப்படுத்தினார். எந்தப் பெண்ணும் இன்னொரு பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை.

சயாமா பாடத்தில் சொன்ன ஒரு விஷயம் அங்கே நிற்கும்போது நினைவுக்கு வந்தது. அந்தப் போர் முடிவதற்கு முன், அடிமைகளாக இருந்த கறுப்பினப் பெண்களின் கல்யாணத்தைச் சட்டம் ஒப்புக்கொள்ளவில்லை. விடுதலை வந்ததும் அவர்கள் தங்கள் புருஷனோடு போய் வரிசையில் நின்று பதிவு செய்துகொண்டார்கள். இனி எங்களை யாரும் பிரித்து விற்க முடியாது என்ற சந்தோஷத்தில் நின்றார்கள். நாங்களும் வரிசையில்தான் நின்றோம். ஐயர் எங்களைக் கூப்பிட்டார். தாலி ஏறிவிட்டது.

புகுந்த வீட்டில் மறுவாரமே மாமியார் சொல்லிவிட்டார்: "ஆம்பளைங்க வேலை செய்யற எடத்துக்கு எங்க வீட்டு மருமக போக வேணாம்." போர் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனது, அதே போர்தான் என்னை அடுப்படியில் கொண்டுவந்து விட்டது. அண்ணன் போனில், "நல்ல வேளை, நீ தப்பிச்ச" என்றான். "நீயும்தான்" என்று சொல்லிவிட்டு போனை மாமியாரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

கணவர் கெட்டவர் இல்லை. சத்தம் போட்டுப் பேச மாட்டார். தேர்வு எழுத வேண்டும் என்று கேட்டபோது, "எழுது. ஆனா எழுதி எங்க போகப்போற?" என்றார். அவரே டாக்சி வைத்துக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் காத்திருந்தார். தேறிவிட்டேன். நல்ல மார்க். சயாமாவுக்குச் சொல்லலாம் என்று கூப்பிட்டால் அந்த எண் உபயோகத்தில் இல்லை. எங்கள் வீடு விமான நிலையத்துக்குப் பக்கம். விமானம் மேலே ஏறும்போது சமையலறைச் சன்னல் அதிரும். மாமியார் துணியை மடித்து அதன் இடுக்கில் செருகி வைத்திருக்கிறார்.

கல்யாணமாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் பிறந்த வார்டில் இன்றுவரை ஒரு பெண்ணைக்கூட படைக்குக் கூப்பிடவில்லை. எனக்குத் தெரிந்த ஒருத்தி கல்யாணம் செய்துகொள்ளாமலே இருந்துவிட்டாள். அவள் எங்கள் பழைய தெருவில் தையல் மெஷின் மிதித்துக்கொண்டிருக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்திருந்தார். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததில் சட்டை முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது. நான் சாதம் போட்டேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, மாமியார் உள்ளே போனதும் மெதுவாகக் கேட்டார்.

"அப்பா செஞ்சது சரிதானேம்மா? நாளைக்கே கூப்பிட்டாலும் உன்னைத் தொட முடியாதில்ல?"

அந்த முகத்தைப் பார்த்தால் ஆமாம் என்று சொல்லத்தான் தோன்றும். சொல்லியிருக்கலாம். அவருக்கு அது மட்டும்தான் வேண்டியிருந்தது.

"குழம்பு ஊத்தட்டுமா அப்பா?" என்று கேட்டேன்.

வேண்டாம் என்று கையால் மறித்துவிட்டு, வெறும் சாதத்தையே பிசைந்துகொண்டிருந்தார்.