முழங்கை மடங்கிய வருடம்

"கையை மடக்கி எறியிறது கள்ளப் பந்து, பிள்ளை. இதையும் ஒரு விளையாட்டெண்டு பழகப் போறியே?"

ஜெர்மனியில், வுப்பர்டால் நகரத்துப் பேஸ்போல் கழகமொன்றில் நான் சேர்ந்தபோது அப்பா கேட்டது இது. யாழ்ப்பாணத்தில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர், கிரிக்கெட்டை மட்டும் விடவில்லை. இங்கே சனிக்கிழமைகளில் அவருடைய தமிழ் அணிக்குப் பந்துவீச என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார். முழங்கை மடங்கினால் அது பந்துவீச்சே இல்லை என்று ஏழு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான்.

பேஸ்போலில் பந்தெறியும் பிட்சர் கையை மடக்கித்தான் எறியவேண்டும். என் கை மடங்க மறுத்தது. பந்து, பிடிப்பவரின் தலைக்கு மேலால் போய் வேலிக்கம்பியில் அடித்தது. நேராகச் சுழலும் என் கையைப் பார்த்துப் பயிற்சியாளர் எனக்குக் காற்றாலை என்று பட்டம் வைத்தார்.

கழகத்தில் மூன்று அணிகள். நான் ஆகக் கீழே, மூன்றாவதில். ஒரு படி மேலே விளையாடும் இரண்டாவது அணியில் ஒரு பிட்சரின் இடம் காலியானது. மே மாத ஆட்டமொன்றில் மூன்று இன்னிங்ஸ் ஒழுங்காக எறிந்தால் அந்த இடம் எனக்கு, இல்லாவிட்டால் இன்னொரு வருடம் கீழேதான் என்றார் பயிற்சியாளர். ஆறு வாரங்கள் இருந்தன.

நான் எறிவதைக் கைபேசியில் படம்பிடித்து மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளியை முடித்த முதல் ஆள் நான், இப்போது பொறியியல் படிக்கிறேன். காரணம் தெரியாமல் எதையும் விடமாட்டேன். செவ்வாயும் வியாழனும் பயிற்சியில் முழங்கை கொஞ்சம் மடங்கும். அடுத்த செவ்வாய் மறுபடி நேராகிவிடும். இடையில் சனிக்கிழமைக் கிரிக்கெட் இருந்தது.

இதை அப்பாவிடம் சொல்ல எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, இனிச் சனிக்கிழமை எனக்கு வர ஏலாது. ஒரே கையால ரெண்டு மாதிரியும் எறிய வரேல்லை."

"அப்ப எங்கட பக்கம் ஆர் பந்து போடுறது?"

"நீங்களே போடுங்கோ."

"இந்த முழங்காலோடயோ?" என்றவர் இன்னொரு வெங்காயத்தை எடுத்தார். அதை உரித்து முடித்த பிறகுதான், "சரி, போட்டுப் பாப்பம்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை அவர்கள் படுதோல்வி அடைந்தார்கள். அப்பா திங்கட்கிழமை வரை நொண்டினார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

மே ஆட்டத்துக்கு அப்பா வந்து வேலிக்குப் பின்னால் நின்றார். என் முதல் பந்து விலகிப் போக, பழக்கதோஷத்தில் இரண்டு கைகளையும் விரித்து "வைட்" காட்டினார். பக்கத்தில் நின்ற ஜெர்மன்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, தோள் இளகியது. முதல் இன்னிங்ஸில் ஒரு ஓட்டம் கொடுத்தேன். இரண்டாவதில் ஒன்றுமில்லை. மூன்றாவதில் கடைசியாக வந்த உயரமான மனிதர் மூன்று முறை மட்டையை வீசி மூன்று முறையும் காற்றைத்தான் அடித்து ஆட்டமிழந்தார். பயிற்சியாளர் அங்கேயே பென்சிலை எடுத்து இரண்டாவது அணியின் பட்டியலில் என் பெயரை எழுதினார்.

அங்கே அந்தப் பருவம் முடியும்வரை எறிந்தேன். இலையுதிர்காலத்தில், அதற்கும் மேலான லீகில் ஆடும் பக்கத்து நகரக் கழகமொன்று என்னைக் கேட்டது.

"அதுக்கு மேலயும் படி இருக்கோ?" என்றார் அப்பா.

"ஓம், இன்னும் ரெண்டு."

போன வாரம் கழகம் மாறும் படிவத்தில் கையெழுத்து வைத்து அனுப்பினேன். நேற்று ரயிலேறிப் போய் அங்கே முதல் பயிற்சியையும் முடித்துவிட்டு வந்தேன்.