சொர்ணம் விதைத்த பாதி

ஜைதூன் பீயின் வயிற்றெரிச்சலுக்கு எந்த மருந்துக்கடையிலும் மருந்து கிடையாது. மயிலாப்பூர்ச் சந்து ஒன்றில் ஆடு வளர்ப்பவள். காய்கறிக் கடைகளில் மிஞ்சும் கீரைத் தண்டையும் வாழை இலையையும் போட்டே பக்ரீத்துக்கு ஆடுகளைத் தேற்றிவிடுவாள். "என் ஆடு மாதிரி வருமா" என்று யாரையாவது கேட்காமல் அவளுக்குப் பொழுது போகாது. அந்த வாயை அடைத்தவள் ஒருத்திதான். ராஜா அண்ணாமலைபுரத்தில் மாடு வைத்துப் பால் ஊற்றும் சொர்ணம்.

தெருவில் ஆடு மாடு விடக்கூடாது என்று கெடுபிடி வந்ததும், கால்நடை வளர்ப்போர் சங்கம் தாம்பரத்துக்கு அப்பால் கைவிடப்பட்ட ஒரு கிராவல் குவாரியைக் குத்தகைக்கு எடுத்தது. மேல்மண்ணை வழித்தெடுத்துப்போன மொட்டைத் தரை. இருவருக்கும் பாதிப் பாதி கொடுத்தார்கள். இரண்டாவது மழைக்காலம் முடியும்போது யார் பாதியில் புல் இல்லையோ, அந்தப் பாதி மற்றவருக்குப் போய்விடும்.

சொர்ணம் ஏரி வண்டல் கொண்டுவந்து கொட்டினாள். சாணி கலந்தாள், தண்ணீர் ஓடாமல் குறுக்கே வரப்பு போட்டாள், அப்புறம்தான் முயல்மசால் விதைத்தாள். மாடு, ஆடு இரண்டும் விரும்பித் தின்னும் செடி அது. ஜைதூன் பீயும் வண்டல் அடித்துப் போட்டாள். ஆனால் வரப்பு எதற்கு வெட்டி வேலை என்று சிரித்தாள். முதல் மழையே வண்டலில் பாதியையும் விதை முழுவதையும் பள்ளத்துக்கு இழுத்துப் போய்விட்டது.

அடுத்த வருடம் சொர்ணத்தின் பாதி முழங்கால் உயரம் வளர்ந்தது. காலையில் ஜைதூன் பீயின் சந்துக்குப் பால் ஊற்ற வரும்போது ஸ்கூட்டரின் முன்னால் பசுந்தீவனக் கட்டு ஒன்று வேறு இருக்கும். பால் எவ்வளவு கெட்டி என்று டீக்கடைக்காரர் வாய் ஓயாமல் சொன்னார். ஜைதூன் பீ அன்றே சொர்ணத்திடம் பால் வாங்குவதை நிறுத்திவிட்டு, கடுங்காபி குடிக்க ஆரம்பித்தாள். அது பிடிக்கவும் இல்லை. பிடிக்காததற்கும் சொர்ணத்தைத்தான் திட்டினாள்.

ஆவணிக் கடைசியில் சொர்ணத்தின் மகள் கல்யாணம், வடபழனியில். பத்திரிகை வந்தது. ஜைதூன் பீ போகவில்லை. மகன் ஹஸனின் லோடு வண்டியில் ஆடுகளை ஏற்றிக்கொண்டு குவாரிக்குப் போனாள்.

"அம்மா, அது அவங்க புல்லு. பாவம்மா," என்றான் ஹஸன்.

"நீ வண்டிய ஓட்டு. பேசிக்கினு வராத."

வேலிப் படலை அவளே திறந்துவிட்டாள். கல்யாணம் முடியும்வரை ஆடுகள் சொர்ணத்தின் பாதியில் மேய்ந்தன. காய்த்துக் கிடந்த முயல்மசாலை விதையோடு மொட்டையடித்துவிட்டு, ஜைதூன் பீயின் பாதியில் வந்து படுத்து அசைபோட்டன. அந்த இரண்டு மூன்று நாள் மட்டும் கடுங்காபி அவளுக்கு இனித்தது.

பிறகு ஐப்பசி மழை கொட்டியது. சொர்ணத்தின் செடி தூரிலிருந்து திரும்பத் துளிர்த்தது. அதைக் கேட்டே ஜைதூன் பீக்குப் பாதி உயிர் போனது. தன் பாதியைச் சென்று பார்க்கக்கூட மனமில்லை.

மார்கழியில் சங்கத்துச் செயலாளர் பிரசாத் இருவரையும் அழைத்துக்கொண்டு குவாரிக்குப் போனார். ஜைதூன் பீயின் பாதியில் மிச்சமிருந்த வண்டலில், ஆடுகள் படுத்த இடமெல்லாம் பச்சை. ஜைதூன் பீ குனிந்து பார்த்தாள். முயல்மசால்.

"இந்தப் பாதி உங்களுக்கேதான்," என்றார் பிரசாத். பிறகு சொர்ணத்தைப் பார்த்துச் சிரித்தார். "உன் கை ராசிதான் சொர்ணம். நீ விதைச்சது வேலி தாண்டி இங்கயும் வந்துகீது."

சொர்ணம் செடி நடுவில் காய்ந்து கிடந்த ஒரு புழுக்கையை எடுத்து விரலால் நசுக்கினாள். உள்ளே சின்ன விதை ஒன்று இருந்தது.

"எப்படி வந்துச்சுன்னு தெரியும்க்கா," என்றாள் ஜைதூன் பீயிடம், மெதுவாக. "ஆட்டு வயித்துல போனா இது நல்லா முளைக்கும். கேட்டிருந்தா நானே படலைத் தொறந்துவுட்டிருப்பேன்."

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டலாம். ஜைதூன் பீக்கு அந்த வழியும் இல்லாமல் போனது.

திரும்பும் வழியில் ஹஸன் கேட்டான்: "நிலம்தான் கெடச்சிடுச்சே. இன்னும் இன்னா மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு கீற?"

இனி ஜைதூன் பீயின் ஆடுகள் கொழுக்கும். சந்து முழுக்கக் கேட்கும்படி "என் ஆடு மாதிரி வருமா" என்று கேட்கலாம். வரும் பதிலும் அவளுக்குத் தெரியும்: சொர்ணத்தின் புல்லாச்சே.