கும்பிடு வேண்டாம், நேரில் வாங்க

போன வருடம் கோடை முடிகிற சமயம். திண்டுக்கல்லில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள கல்லூரி வாசலில் நானும் என் மனைவியும் நின்றுகொண்டிருந்தோம். அவளுக்குக் கண் தெரியாது. அஞ்சல் வழியில் பி.ஏ. படித்தாள். சமைத்துக்கொண்டே பாடங்களைப் போனில் கேட்டுக் கேட்டு மனதில் ஏற்றியவள். அன்று கடைசிப் பரீட்சை. அவள் பதில் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் வேண்டும். வீட்டு ஆட்கள் எழுதக் கூடாது என்பது விதி. எழுத வருவதாக இருந்த பெண்ணுக்குக் காலையில் கடுமையான காய்ச்சல். பரீட்சை பத்து மணிக்கு. விட்டால் அடுத்த வருடம்தான்.

இதுபோன்ற உதவிக்கென்றே ஒரு தொண்டு நிறுவனம் வாட்ஸ்அப் குழு நடத்துகிறது. அதில் பாதி ஊர் இருக்கிறது. "பரீட்சை எழுத உடனே ஆள் தேவை" என்று போட்டேன். மளமளவென்று பதில் வந்தது. எல்லாம் கும்பிடு பொம்மை. "பிரார்த்திக்கிறேன்." "பகிர்ந்துவிட்டேன் சகோ." ஒருவர் சூரியன் படம் போட்டுக் காலை வணக்கம் சொன்னார்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. நான் கறிக்கடைக்காரன். நயமாகப் பேச வராது. குரல் பதிவில் கத்தினேன்.

"ஏலே, கும்பிடு போட நான் என்ன சாமியா? அம்புட்டுப் பேரும் கும்பிட்டுக்கிட்டு நின்னா பேனாவை யாரு பிடிக்கிறது? ஸ்டேஷன் பக்கத்துக் காலேஜ் வாசல்ல நிக்கிறேன். பத்து மணிக்குப் பரீட்சை. வாரவன் வாரேன்னு சொல்லு. மத்தவன் போனை அணைச்சுட்டுத் தூங்கு!"

மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "செத்த நேரம் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா? வரணும்னு நெனச்சவங்களும் இனி வர மாட்டாங்க."

குழு நிர்வாகி என்னை நீக்கிவிட்டார். அவள் நுழைவுச்சீட்டை நான்காக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அப்போது ஒரு ஸ்கூட்டர் சீறிக்கொண்டு வந்து நின்றது. பேகம்பூரிலிருந்து ஒரு பெண்ணும் அவள் தகப்பனாரும். பிளஸ் டூ முடித்த பெண்.

"திட்டுனது நீங்கதானா அண்ணே? அத்தா அந்த ஆடியோவ என் காதுக்கிட்ட வச்சுத்தான் எழுப்பி விட்டாரு" என்று சிரித்தாள். பரீட்சை அதிகாரி அவளது அடையாள அட்டையைப் பார்த்து அவளையும் என் மனைவியையும் உள்ளே விட்டார்.

அதோடு முடியவில்லை. என் திட்டு குழு குழுவாகப் பரவியிருந்தது. எரியோட்டிலிருந்து தக்காளி ஏற்றி வந்த வேன் வாசலிலேயே வந்து நின்றது. "நம்ம எழுத்து கோழி கிண்டுனாப்ல இருக்கும்ணே, பரவாயில்லையா?" என்றார் ஓட்டுநர். கடைசியாக ஒரு பெரியவர் மூச்சிரைக்க வந்தார்.

"சூரியன் படம் போட்டது நான்தான் அப்பு. மொதல்ல எந்தக் காலேஜு, எத்தன மணின்னே நீ போடலியே! திட்டுனப்பத்தானே வெவரமே தெரிஞ்சுச்சு."

எல்லோருக்கும் டீ சொன்னேன்.

என் மனைவி தேறிவிட்டாள். இன்று அந்தக் குழுவின் நிர்வாகியே அவள்தான். போன் படித்துச் சொல்ல, யாருக்கு யார் போக வேண்டும் என்று அவள் முடிவு செய்கிறாள். குழுவில் இரண்டே பதிலுக்குத்தான் அனுமதி: வாரேன், ஏலாது. என்னையும் திரும்பச் சேர்த்துக்கொண்டாள். கும்பிடு பொம்மையைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. ஆனால் அந்தக் கை வண்டிச் சாவியைத் தேடுகிற கையாகவும் இருக்கலாம் என்று தெரிந்துவிட்டதால், எங்கே வர வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் திட்டுகிறேன்.